ஹெட் வெடித்தால் ஒட்டுவதா, மாற்றுவதா?

காலபோக உழவு தொடங்கும் நேரம் எங்கள் டீசல் உழவு இயந்திரம் சூடேறத் தொடங்கியது. றேடியேற்றர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீர் குமிழி குமிழியாகக் கிளம்பியது. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கஸ்கெட் தகடுதான் பழுது என்றார்கள். ஹெட்டைக் கழற்றிக் கழுவினால், நடுச் சிலிண்டரில் வால்வுகள் வந்து அமரும் இரண்டு சீட்டுகளுக்கும் இடையே மயிரிழை போல ஒரு வெடிப்பு.

இந்த இடத்துச் சின்னக் கோடு தண்ணீர்ப் பாதையைத் தொடாவிட்டால் பல டீசல் ஹெட்கள் அப்படியே ஓடும். அதனால் கிளிநொச்சியில் தண்ணீர்த் துவாரங்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தோம். வெடிப்பிலிருந்து குமிழி வரிசையாக வந்தது.

“தம்பி, இது வார்ப்பிரும்பு. முழு ஹெட்டையும் சூடாக்கி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல ஆறவிட வேணும். அவசரப்பட்டால் பக்கத்தில இன்னொன்று வெடிக்கும்” என்றார் மெக்கானிக் அண்ணை. அதற்குமேல் புது சீட், ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாகச் சீவும் வேலை. கூட்டிப் பார்த்தால் பாவித்த ஹெட்டின் விலைக்குக் கிட்ட வந்தது. சரி, மாற்றுவோம் என்று முடிவெடுத்தேன். பாவித்ததையும் அதே தொட்டியில் அமிழ்த்திய பிறகே காசு கொடுத்தேன்.

பூட்டுமுன் றேடியேற்றரைக் கழற்றி, அடைத்திருந்த வைக்கோல் தூசியையும் புழுதியையும் கழுவினோம். சூட்டுக்கு மூலகாரணம் அதுதானே.