கேஸ் டியூப் மாற்றுவது எப்படி: அடுப்புப் பக்க முனையில் கவனம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு கேஸ் டியூபை இந்த மாதம் நானே மாற்றினேன். சிலிண்டர் பக்கம் எல்லோரும் பார்க்கிறோம். அடுப்புக்குப் பின்னால் டியூப் மாட்டியிருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, சூடு, நம் பக்கத்துக் கடற்காற்று மூன்றும் சேர்வது அங்கேதான்.

முதலில் டியூப். கேஸ் ஏஜென்சியில் வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருப்பதெல்லாம் சுரக்ஷா டியூப் (உள்ளே எஃகுக் கம்பி வைத்த பாதுகாப்பு டியூப்) ஆகிவிடாது. ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 9573 என்ற எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண், தயாரித்த வருடம் எல்லாம் டியூபின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். நான் அதைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வெட்டிய முனையைப் பார்த்தால் ரப்பருக்குள் எஃகுக் கம்பி தெரியும். ஆயுள் 5 வருடம். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இனி மாற்றும் வேலை. ரெகுலேட்டரை மூடிவிட்டு ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தானாக அணையும். அடுப்பின் திருகு குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். பூஜை விளக்கு எரிந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இப்போதுதான் சிக்கலே. பழைய டியூப் அடுப்பு முனையில், அதாவது டியூப் மாட்டும் சிறு உலோகக் குழாயில், ஒட்டிப்போயிருக்கும். பிடித்து இழுத்தால் அடுப்பின் உள்பைப்பே வளைந்துவிடும். கிளிப் இருந்தால் தளர்த்திவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்று நேரம் விடுங்கள். பிறகு ஒரு கையால் முனையை அசையாமல் பிடித்து, மறு கையால் டியூபை இப்படியும் அப்படியும் திருகினால் கழன்று வரும். பிளேடால் கிழிப்பது எனக்குப் பிடிக்காது: முனையில் கீறல் விழுந்தால் புது டியூப் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகக் கசியலாம். முனையைத் துடைத்துப் பாருங்கள். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

புது டியூபின் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, முனை முழுவதும் மறையும்வரை ஏற்றுங்கள். எண்ணெய் தடவாதீர்கள். தீக்குச்சியால் வாட்டவே கூடாது. பாதி ஏறிய டியூபைக் கிளிப்பால் இறுக்கிச் சமாளிக்க முடியாது. கிளிப் ரப்பரைத்தான் அறுக்கும். ரெகுலேட்டர் பக்கமும் இதே மாதிரிதான். டியூப் முறுக்காமல், பர்னருக்கு அடியிலோ பின்னாலோ போகாமல், கண்ணில் படும்படி இருக்கட்டும். அழகுக்கு உறை மாட்டினால் உள்ளே வெடிப்பு வந்தாலும் தெரியாது.

கடைசியாகச் சோதனை. குமிழ்களை மூடியபடியே ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டித் திறந்து, சோப்புத் தண்ணீரைப் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் இரண்டு முனையிலும் டியூப் நெடுகவும் தடவுங்கள். பிரஷ்தான் சந்துக்குள் போகும், ஸ்பாஞ்ச் போகாது. குமிழி கிளம்பினால் கசிவு. நெருப்பைக் காட்டிச் சோதிக்கவே கூடாது.

கேஸ் வாசனை அடித்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னலைத் திறங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அதனால் பாயில் படுத்திருக்கும் குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கும் ஓர் அக்கா, சமையலறையில் இடமில்லாததால் சிலிண்டரை பால்கனியில் வைத்து ஜன்னல் வழியாக டியூபை விடலாமா என்றார். வேண்டாம் அக்கா. ஜன்னல் விளிம்பு உரசி உரசி ரப்பரைத் தின்றுவிடும். இரண்டு டியூபை இணைப்பதும் கூடாது. ஏஜென்சியில் சொன்னால் ஆள் வந்து பார்த்து முறையான உலோகக் குழாய் போட வழி சொல்வார்கள்.

இன்னொருவர் எலி கடித்த டியூபைப் பற்றிக் கேட்டார். உள்ளே கம்பி இருப்பதால் மேல்ரப்பரை மட்டும் கடித்துவிட்டுப் போயிருக்கும். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், உடனே மாற்றுங்கள். எங்கள் தெருவில் பெருச்சாளித் தொல்லை அதிகம் என்பதால், ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடிவிடுகிறோம்.