காரத்தன்மை உணவுமுறை: மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம்

எலுமிச்சை புளிக்கும். ஆனால் ஆல்கலைன் டயட், அதாவது காரப் பக்கம் சாயும் உணவுகளைக் கூட்டும் உணவுமுறையின் பட்டியல்களில், அது காரத்தன்மை உள்ள உணவு என்றுதான் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். போதாக்குறைக்கு நம் மொழியில் மிளகாயின் உறைப்பும் காரம், அமிலத்துக்கு எதிரானதும் காரம். நாம் பேசப்போவது இரண்டாவது காரத்தைப் பற்றி. பாத்திரம் துலக்கிய அடுப்புச் சாம்பலிலும், துணி வெளுத்த உவர்மண்ணிலும் இருக்கிற காரம்.

நாக்கில் என்ன சுவை என்பது இதில் கணக்கே இல்லை. செரித்து, உடல் பயன்படுத்திக்கொண்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறுகிறது, அது காரம். முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் உண்டு. அதிலிருந்து கொஞ்சம் அமிலம் பிறக்கிறது. 1995-இல் தாமஸ் ரெமர், பிரீட்ரிக் மான்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை 100 கிராமுக்கு இவ்வளவு என்று எண்ணாகவே கொடுத்தார்கள். கழித்தல் குறி என்றால் காரப் பக்கம். உலர்திராட்சை −21, பாலக்கீரை −14, வாழைப்பழம் −5.5. பால் 0.7, அதாவது கிட்டத்தட்ட நடுநிலை. முட்டை மஞ்சள்கரு +23.4. அரிசியும் கோதுமையும் லேசாக அமிலப் பக்கம் சாயும்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதைச் சாப்பிட்டாலும் ரத்தம் காரமாகிவிடாது. ரத்தத்தின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும் ராப்பகலாக அதைக் காத்துக்கொண்டிருக்கின்றன. உணவால் மாறுவது சிறுநீர்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட், புல் தின்னும் முயல்களுக்கு இறைச்சி கொடுத்துப் பார்த்தார்; காரமாக இருந்த சிறுநீர் அமிலமாக மாறியது. அதனால் கடையில் விற்கும் பி.எச். தாளைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்து "ரத்தம் சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் எதை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் அந்தத் தாள் காட்டும்.

இந்த உணவுமுறை புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் இதைப் பரப்பிய ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2017-இல் சிறைத்தண்டனை பெற்றார். சிகிச்சையை விட்டுவிட்டு இதை நம்பி உட்காருவது உயிருக்கே ஆபத்து.

பிறகு ஏன் இதைச் செய்யச் சொல்கிறேன்? இந்த முறை நம் தட்டில் காயையும் கீரையையும் பழத்தையும் கூட்டுகிறது. நார்ச்சத்தும் பொட்டாசியமும் கூடுகின்றன, உப்பும் எண்ணெய்ப் பலகாரமும் குறைகின்றன. ரத்த அழுத்தத்துக்கும் மலச்சிக்கலுக்கும் இது உண்மையாகவே நல்லது. அந்த நன்மை போதும்.

முதல் படி: உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

சிறுநீரகப் பழுது இருப்பவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. என் பெரியம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இருந்தது. ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, நல்லதுதானே என்று தினமும் இளநீரும் வாழைப்பழமும் கொடுத்தோம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையின் அளவு திடீரென மாறக் கூடாது. இவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் வந்தவர்கள் பாலக்கீரையைக் குறைத்து, ஆக்சலேட் குறைவான காய்களை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முதல் வாரம், மதியச் சாப்பாடு மட்டும்

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றினால் நான்காம் நாள் பழையபடி ஆகிவிடும். மதியத்தை மட்டும் பிடியுங்கள். தட்டில் முதலில் சோற்றைப் போடாமல் காயைப் போடுங்கள். பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு சோறு, மீதிக் காலில் பருப்போ முட்டையோ மீனோ. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு கரண்டிப் பொரியலோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்தால் போதும்.

பழகுவதற்கு வாழைத்தண்டுக் கூட்டு நல்லது. வெளி மட்டையை உரித்துவிட்டு, தண்டை வில்லைகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு வில்லையை எடுக்கும்போதும் நூல் வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போங்கள். பிறகு பொடியாக அரிந்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். இருபது நிமிடம் ஊறிய பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை சேர்த்து, தண்டு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். வெந்த தண்ணீரை வடிக்காதீர்கள். காயிலிருக்கும் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். (சிறுநீரக நோயாளிகளுக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்வது இதனால்தான்.) கடைசியில் தேங்காய், சீரகம் அரைத்துவிட்டு, கடுகு தாளித்து இறக்கி, ஆறும்போது அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சை இருப்பதால் உப்பு பாதி போதும்.

மூன்றாம் படி: இரண்டாம் வாரம், காலையும் மாலையும்

நான்கு இட்லிக்கு இரண்டு சட்னி என்பதை, இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பாரும் என்று மாற்றுங்கள். மாலையில் பஜ்ஜி, பிஸ்கட் இருந்த இடத்தில் கொய்யாவோ பப்பாளியோ. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்தைச் சாறாக்காமல் கடித்தே சாப்பிடுங்கள்.

நான்காம் படி: மூன்றாம் வாரம், உப்பு

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றில் ஒரு நாளைக்கு ஒன்று போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

ஐந்தாம் படி: இவற்றைச் செய்யாதீர்கள்

அமிலம் என்று பயந்து பருப்பையும் முட்டையையும் தயிரையும் ஒதுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஏற்கெனவே சோறு கூடி, புரதம் குறைந்த தட்டுதான் பல வீடுகளில் இருக்கிறது. வயதானவர்களுக்குப் புரதம் குறைந்தால் தசை கரையும், எலும்பும் பலவீனமாகும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும் விட வேண்டாம்; கறியைக் குறைத்து, கூடவே ஒரு பொரியல் வையுங்கள்.

தினமும் தண்ணீரில் சமையல் சோடாவைக் கலந்து குடிக்கும் பழக்கம் வேண்டாம். அரைத் தேக்கரண்டியிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. காரத் தண்ணீர் தரும் இயந்திரத்துக்கும் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் இரைப்பைக்குப் போனதும் அங்குள்ள கடும் அமிலத்தில் கலந்துவிடும். அந்தப் பணத்தில் பல மாதத்துக்குக் கீரை வாங்கலாம்.

ஆறாம் படி: குறித்து வையுங்கள்

தொடங்கும் நாளில் ரத்த அழுத்தத்தையும் எடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து எழுதுங்கள். அளவு இறங்கியது தெரிந்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.