மீன் செத்த தொட்டியில் அடுத்த மீனை விடுவதற்கு முன்

ஆசையாக வளர்த்த மீன் காலையில் மிதந்து கிடந்தால் வீட்டில் பிள்ளைகள் அழுவார்கள். அவர்களைத் தேற்றுவதற்காக அன்று மாலையே சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைக்குப் போய், அதே நிறத்தில் இன்னொரு மீனை வாங்கி வந்துவிடத் தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். முதல் மீனைக் கொன்றது எதுவோ, அது இன்னும் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் பொறுத்தால் அடுத்த மீன் வருடக்கணக்கில் இருக்கும்.

என்ன ஆனது என்று முதலில் பாருங்கள்

தொட்டி வைத்து ஒரு மாதத்துக்குள், உடம்பில் புண்ணோ புள்ளியோ இல்லாமல், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்திருந்தால் பெரும்பாலும் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் விஷமான அம்மோனியா அல்லது நைட்ரைட்தான் காரணம். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் செத்திருந்தால் குளோரின். உடம்பிலும் துடுப்பிலும் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். அது ஒட்டுண்ணியால் வருவது.

நோய் இல்லை என்றால் பழைய ஸ்பாஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அந்த விஷத்தை மாற்றும் நல்ல பாக்டீரியா இருப்பது அவற்றில்தான். பலரும் துக்கத்தோடு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, கொஞ்சநஞ்சம் வளர்ந்திருந்ததையும் அழித்துவிடுகிறார்கள்.

வெண்புள்ளி என்றால் தொட்டியைக் காலி செய்து, சோப்பு போடாமல் கழுவி, கல், வலை, டியூப் எல்லாவற்றையும் மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். அந்த ஒட்டுண்ணி காய்ந்தால் பிழைக்காது. முதுகு வளைந்து, சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய்ச் செத்திருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அப்போது கல்லும் ஸ்பாஞ்சும் வலையும் குப்பைக்குத்தான். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது. அந்தக் கிருமி மனிதத் தோலிலும் புண்ணை உண்டாக்கும்.

தொட்டி, சாமான்கள்

உருண்டைக் கண்ணாடி பவுலை விட்டுவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தவறுகூட அன்றே மீனைக் கொல்லும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி தொடங்குவதற்குச் சரியானது. விளிம்பு வரை 54 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர் நிற்கும். கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 65 கிலோ வரை வரும், அதனால் ஆடாத மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போடுங்கள். ஒரு சின்ன மணல் பரல் அடியில் சிக்கினால்கூட கண்ணாடி விரிசல் விடும். ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், பாசி படரும்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது காற்றுக் குழாயில் செக் வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள் இறங்கிவிடும். அடியில் பரப்பும் கல் சுமார் 8 கிலோ, 3 செ.மீ. உயரத்துக்கு வரும். வாங்கிய கல்லில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். சிப்பியும் பவளத் துண்டும் அப்படித்தான். சென்னை வெப்பத்தில் ஹீட்டர் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்குத் தேவை.

தண்ணீர்

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் சம்ப்பில் பிளீச்சிங் பவுடரும் போடுவார்கள், என்றைக்குப் போட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 1 கிராம், 50 லிட்டருக்குப் போதும். கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் திரவமாகவும் கிடைக்கும். அதன் அளவை பாட்டிலைப் பார்த்துப் போடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. தாது உப்பு இல்லாத தண்ணீரில் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, நிலையாக நிற்காது.

மீன் இல்லாமல் ஓடவிடும் வாரங்கள்

எல்லாரும் தாண்டிக் குதிக்கும் கட்டம் இதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் ஓரளவு தாங்கும். இந்த இரண்டும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் இவை இல்லை, அதனால்தான் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகிறது.

உரித்த பச்சை இறால் ஒன்றை பழைய வலைத்துணியில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். இவற்றைத் தண்ணீரில் அளக்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இங்கே காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சின்னக் குழாயில் 5 மி.லி. தொட்டித் தண்ணீர் எடுத்து, கிட்டில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, சொன்ன நிமிடங்கள் காத்திருங்கள். பெரும்பாலான கிட்டுகளில் அம்மோனியா இல்லை என்றால் மஞ்சள், கூடக்கூடப் பச்சை. பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் பின்னால் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும்.

அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. வந்ததும் இறாலை எடுத்துவிடுங்கள். 5-ஐத் தாண்டினால் பாக்டீரியாவே திணறும், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெள்ளையாகும். பயப்படாதீர்கள், தண்ணீரைக் கொட்டாதீர்கள், சில நாளில் தானே தெளியும். பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். நைட்ரைட் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் நாட்கள்தான் பொறுமையைச் சோதிக்கும். அந்த நாட்களில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். தீனி போட்ட மறுநாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவும், நைட்ரேட் கண்ணுக்குத் தெரியும் நிறமாகவும் வந்தால் தொட்டி தயார். சென்னை வெப்பத்தில் மூன்று நான்கு வாரம், குளிர்ந்த ஊரில் ஆறு வாரம்.

நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை ஈரமாகவே வாங்கி வந்து வையுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினாலும் டெஸ்ட் செய்யாமல் மீன் விடாதீர்கள்.

எந்த மீன், எப்படி விடுவது

கடினமான போர் தண்ணீருக்கு கப்பி, பிளாட்டி, மோலி நன்றாகப் பொருந்தும். ஜீப்ரா டானியோ ஆறு சேர்ந்தால் உற்சாகமாக இருக்கும். ஃபைட்டர் என்றால் ஒன்றே ஒன்று. கப்பியில் ஆண் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் சில மாதத்தில் தொட்டி குஞ்சுகளால் நிரம்பிவிடும். கோல்டுஃபிஷ், சக்கர், ஆஸ்கார் மூன்றும் இந்தத் தொட்டிக்குப் பெரியவை. வளர்ந்துவிட்டதே என்று சக்கர் மீனை ஏரியில் விடுவதும் கூடாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவி, நம் ஊர் மீன்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

முதலில் மூன்று மீன் மட்டும். இரண்டு வாரம் கழித்து அடுத்த மூன்று. மீன் வந்த கவரை மூடியபடியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

அதற்குப் பிறகு

ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, தினம் ஒரு வேளை. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். கரண்ட் மணிக்கணக்கில் போகும் ஊரில் ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், சில வாட்தான் இழுக்கும். காற்று நின்றால் மீன் மட்டுமல்ல, ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும்.

மீன் விட்ட பிறகு டெஸ்ட்டில் அம்மோனியா தெரிந்தால் தீனியை நிறுத்தி, அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பி.எச். 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷம், பி.எச். 7-இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட முடியாது. நைட்ரைட் என்றால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை தினமும் டெஸ்ட் எடுங்கள், புது மீன் எதுவும் சேர்க்காதீர்கள்.