ஆயில் ஃபில்டரை இடம் மாற்றுதல்: மரை, நிப்பிள், ஹோஸ் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் அம்பாசடர், அப்பச்சி வாங்கும்போதே இன்ஜின் மாற்றப்பட்டிருந்த வண்டி. மாற்றிய இன்ஜினின் ஆயில் ஃபில்டர், ஸ்டீயரிங் பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இன்ஜின் மவுண்டிங்கைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் அதைக் கழற்ற முடிந்தது. அதனால் ஃபில்டரை முன்பக்கம், கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். வேலை மொத்தம் ஒன்றரை நாள்தான்; ஆனால் தவறான நிப்பிளை (ஹெட்டின் துளையில் ஏறி ஹோஸைப் பிடிக்கும் மரையிட்ட சிறு இணைப்பு) வாங்கியதால் அதை இரண்டு முறை செய்ய நேர்ந்தது. புதிதாகச் செய்பவர்கள் அதே இடத்தில் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேவையான பாகங்கள் மூன்று: பழைய ஃபில்டர் இருந்த இடத்தில் பிளாக்கில் உட்காரும் அடாப்டர், புதிய இடத்தில் ஃபில்டரைத் தாங்கும் ஹெட், இரண்டையும் இணைக்கும் இரு ஹோஸ்கள். ஆயில் கூலருக்காக விற்கப்படும் சாண்ட்விச் தட்டு பார்ப்பதற்கு அடாப்டரைப் போலவே இருக்கும். அதன்மேல் ஃபில்டர் மறுபடியும் பழைய இடத்திலேயே உட்காரும் என்பதால் அது நமக்கு உதவாது.

படி 1: பிளாக்கின் மரையை அளத்தல்

பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டை வெர்னியரால் அளக்கவும். 19 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் அது பெரும்பாலும் முக்கால் இஞ்சு, இஞ்சுக்கு 16 மரை. 20-ஐ ஒட்டி வந்தால் எம்20, ஒன்றரை மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி). ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று நினைத்து முந்தைய அளவுள்ள ஸ்டட்டில் எம்20 அடாப்டரை ஏற்றினால், அது தளர்வாக ஏறிப் பிடித்ததுபோல் காட்டி, அழுத்தம் வந்ததும் கழன்றுவிடும். ஆகவே மரை கேஜையும் (மரைப் பற்களோடு பொருத்திப் பார்க்கும் அளவுத் தகடு) வைத்துப் பார்த்துவிடுங்கள். கேஸ்கட் உட்காரும் வட்டத்தின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் ஓ-ரிங் முழுவதும் அந்த வட்டத்துக்குள் சமமாக உட்கார வேண்டும்.

படி 2: ஹெட்டின் மரையும் நிப்பிளும்

நான் தவறியது இங்கேதான். இணையத்தில் வரவழைத்த ஹெட்டின் இரு துளைகளிலும் அரை இஞ்சு என்பிடி மரை இருந்தது. அது அமெரிக்க அளவு. நம் ஊர் ஹைட்ராலிக் கடைகளில் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எளிதாகக் கிடைப்பது பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் அளவு. கடையில் கேட்டபோது, “அரை இஞ்சுன்னா அரை இஞ்சுதாண்ணே, ரெண்டுக்கும் பதினாலு மரைதான்” என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது பொய்யன்று. அரை இஞ்சு அளவில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை என்பதால் மரை கேஜ்கூடப் பொருந்துவதுபோலவே காட்டும். வேறுபாடு மரையின் கோணத்தில் இருக்கிறது: என்பிடி 60 டிகிரி, பிஎஸ்பி 55 டிகிரி. விட்டத்திலும் சிறிது வேறுபாடு உண்டு. என்பிடி குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், பிஎஸ்பி மரையின் விட்டம் 20.96 மில்லிமீட்டர்.

நான் வாங்கிய பிஎஸ்பி நிப்பிள் நான்கு சுற்று இலகுவாக ஏறி, பிறகு நன்றாக இறுகியது. மூன்று நாள் ஒரு சொட்டும் இல்லை. நான்காம் நாள் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆயில் விளக்கு ஒருமுறை மின்னியது. உடனே இன்ஜினை நிறுத்திப் பானெட்டைத் திறந்தால், ஹெட்டிலிருந்து ஃபெண்டர் வரை ஆயில். கோணம் பொருந்தாத இரு மரைகளுக்கு இடையே நூல்போன்ற சுழல்வழி ஒன்று எஞ்சியிருக்கிறது; ஆயில் சூடேறி இளகியதும் அவ்வழியே வெளியேறிவிடுகிறது. இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று முயன்றிருந்தால் அலுமினிய வார்ப்பு விரிசல் கண்டிருக்கும். காரைக்குடி லேத் பட்டறையின் பெரியவர் அந்த நிப்பிளைக் கையில் வாங்கிப் பார்த்து, “தம்பி, மரை பல்லு ரெண்டும் வேற சாதி, சேராது” என்று ஒரே வரியில் சொன்னார்.

எனவே ஹோஸ் வாங்குவதற்கு முன் ஹெட்டில் என்ன மரை என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். என் விருப்பம், நேரான மரையும் ஓ-ரிங்கும் உள்ள துளைகளைக் கொண்ட ஹெட். என்பிடி போன்ற கூம்பு மரையை, அதாவது முனை நோக்கிக் குறுகும் மரையை, எவ்வளவு இறுக்குவது என்ற ஐயமே அதில் எழாது. என்பிடி தான் கிடைத்தது என்றால், ஒரு முனை என்பிடியும் மறுமுனை ஏஎன்-10 அளவும் கொண்ட இரும்பு நிப்பிளை வாங்குங்கள். ஏஎன்-10 என்பது எட்டில் ஏழு இஞ்சு, இஞ்சுக்கு 14 மரை, 37 டிகிரிக் கூம்பு. ஹைட்ராலிக் கடையில் ஜேஐசி என்று கேட்டால் இந்தப் பயன்பாட்டுக்கு அதே அளவு கிடைக்கும். நிறத்துக்காக விற்கப்படும் அலுமினிய நிப்பிள்களை நான் விரும்புவதில்லை. இருமுறை ஸ்பானர் பட்டதும் அவற்றின் முனைகள் மழுங்கிவிடுகின்றன.

கூம்பு மரைக்குத் திரவ சீலன்ட் போடவும், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. வெள்ளை டேப் வேண்டாம். அதன் துணுக்கு ஆயில் வழியில் போய் அடைத்துக்கொள்ளும். கையால் இறுகிய பின் ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். 37 டிகிரிக் கூம்பில் எந்தச் சீலன்ட்டும் தேவையில்லை. உலோகம் உலோகத்தோடு அமர்ந்தே அடைக்கிறது.

படி 3: ஹோஸ்

பட்டறைக் கணக்கில் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இஞ்சு) சொன்னால், உள்விட்டம் நாலு நூல் உள்ள ஹோஸ் குறைந்தபட்சம். அஞ்சு நூல் நல்லது. அஞ்சு நூல் ஹோஸின் உள்பரப்பு நாலு நூலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும் நேரத்தில் அழுத்த இழப்பு குறைகிறது.

கடைக்காரர்கள் அழுத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு கம்பிப் பின்னல் கொண்ட 1எஸ்என் வகை அஞ்சு நூல் ஹோஸ் 130 பார் தாங்கும்; நம் இன்ஜின் ஆயில் அழுத்தமோ சூட்டில் 3, 4 பார்; குளிர்ந்த நிலையில் அதைவிடச் சற்றுக் கூடும். ஆகவே அழுத்தம் இங்கே கேள்வியே இல்லை, வெப்பம்தான் கேள்வி. அந்த வகை ஹோஸ்களுக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் வெப்ப எல்லை 100 டிகிரி. அக்கினி நட்சத்திர வெயிலில் நெடுந்தூரம் ஓடும் இன்ஜினில் ஆயில் 110, 120 டிகிரியைத் தொடக்கூடும். எனவே 150 டிகிரி என்று அச்சிட்ட உயர்வெப்ப ரப்பர் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். டெஃப்லான் உள்ள ஹோஸ் அதைவிட அதிக வெப்பம் தாங்கும். ஆனால் குறுகலாக வளைத்தால் மடங்கிவிடும், அதற்குரிய முனைகளும் வேறு. ரேடியேட்டர் ஹோஸையோ ஹீட்டர் ஹோஸையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் வழக்கமாக உள்ள ஈபிடிஎம் ரப்பர் ஆயில் பட்டால் உப்பிக் கெட்டுவிடும்.

நீளத்தை அளக்கத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வளைத்துப் பார்ப்பதே எளிது. 1எஸ்என் அஞ்சு நூல் ஹோஸின் வளைவு ஆரம் குறைந்தது 200 மில்லிமீட்டர் என்பதை மனத்தில் வையுங்கள். இன்ஜின் மவுண்டிங்கில் அசையும், ஹெட் சேஸிஸில் அசையாது. அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தளர்வு கட்டாயம். வெளியே எஃகுப் பின்னல் உள்ள ஹோஸ், தான் உரசும் எதையும் அரம்போல் அறுத்துவிடும் என்பதால், ரப்பர் உறையிட்ட கிளிப்புகளால் கட்டி, எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி வையுங்கள். முனைகளைக் கிரிம்பிங் இயந்திரத்தில் (உலோக முனையை ஹோஸின்மேல் நெரித்து இறுக்குவது) அடித்து வாங்குவதே என் பரிந்துரை. திருகுக் கிளாம்பு ஆயில் அழுத்தத்துக்கு ஏற்றதன்று.

படி 4: எது உள்ளே, எது வெளியே

அடாப்டரில் ‘அவுட்’ என்று பொறித்திருந்தால், அது இன்ஜினிலிருந்து ஆயில் வெளியேறும் துளை. அது ஹெட்டின் ‘இன்’ துளைக்குப் போக வேண்டும். ஃபில்டருக்குள் ஆயில் வெளிவட்டத் துளைகள் வழியே புகுந்து நடுத்துளை வழியே திரும்புகிறது. ஹோஸ்கள் மாறினால், ஆயில் பின்னால் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு வழியை அடைத்துவிடும். பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. பொறிப்பை நம்பாமல், அடாப்டரின் எந்தத் துளை நடுப்பகுதியோடு சேர்கிறது என்று ஊதிப் பார்த்து, அதில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

திரும்பி வரும் அந்த ஹோஸைத்தான் மிகக் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பின் ஃபில்டர் ஏதும் இல்லாததால், வெட்டும்போது உள்ளே விழுந்த ரப்பர்த் தூளும் நம் ஊர்ச் செம்மண் தூசியும் நேரே பேரிங்குக்குப் போகும். டீசல் விட்டுக் கழுவி, காற்றடித்து, மாட்டும் நேரம்வரை இரு முனைகளையும் மூடி வையுங்கள்.

படி 5: முதல் ஓட்டம்

ஃபில்டரிலும் ஹோஸிலும் ஆயில் நிரப்பி மாட்டவும். தலா 70 சென்டிமீட்டர் உள்ள இரு அஞ்சு நூல் ஹோஸ்களே கால் லிட்டருக்கும் சற்றுக் கூடுதலாகக் கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் காயில் வயரையும், டீசலில் பம்பின் ஸ்டாப் சோலினாய்டு வயரையும் இன்ஜின் கிளம்பாதபடி கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு ஓட்டி, நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்கள்.

பின்னர் சேர்த்தது: தேவகோட்டையிலிருந்து எழுதிய வாசகர் ஒருவருக்கு, இரு முனையிலும் எல்போ (வளைந்த முனை) வைத்துக் கிரிம்ப் செய்த ஹோஸ் முறுக்கிக்கொண்டுதான் பொருந்தியது. எல்போக்கள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கடையில் சொல்லாமல் விட்டதே காரணம். ஒரு முனையை நேராகவும் மறுமுனையை எல்போவாகவும் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது. இரண்டும் எல்போதான் வேண்டும் என்றால், முனைகளை வண்டியில் மாட்டி ஹோஸின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இழுத்து, அந்தக் கோட்டோடு கடைக்குக் கொண்டு போங்கள்.