சின்னச் சந்தோஷங்களைத் தள்ளிப்போடும் தவறுகள்: வேலைக்குப் போகும் மலையக அம்மாக்களுக்கு

"பரீட்சை முடியட்டும், போகலாம்." மலையகத்து வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் பதில் இது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிந்தால் சாதாரண தரம் வந்துவிடும். அதன் பின்னாலேயே உயர்தரம். உயர்தரம் எழுதிய கையோடு பிள்ளை கொழும்புக்கு பஸ் ஏறிவிடும். ஹட்டனில் பிறந்து வளர்ந்தும் ஹோட்டன் சமவெளியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் அம்மாக்களும் பார்த்ததில்லை. எங்கெங்கிருந்தோ ஆட்கள் விமானம் ஏறி நம் மலைக்கு வருகிறார்கள். நமக்கு அது வேலைக்குப் போய்வரும் வழியாக மட்டும் இருக்கிறது.

ஆசிரியை, தாதி, வங்கியில் இருப்பவர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர், மலையில் கொழுந்து பறிப்பவர், யாராக இருந்தாலும் இந்தத் தவறுகள் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மாவுக்குச் சந்தோஷம் என்ற எண்ணம். வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? வேலைக்கு நடுவிலேதான் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

லீவு எத்தனை நாள் என்று தெரியாமல் இருப்பது

கேட்டுப் பாருங்கள். கணவரின் லீவு கணக்கும் பிள்ளையின் தவணை விடுமுறையும் அம்மாவுக்கு மனப்பாடம். தன்னுடைய லீவு எத்தனை மிச்சம் என்று மட்டும் தெரியாது. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவர்களுக்கு முதல் வருடம் முடிந்த பிறகு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. அரசாங்க வேலையில் கணக்கு வேறு, அதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த நாட்கள் எங்கே போகின்றன? பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கிளினிக், ஊரில் ஒரு மரண வீடு, ஒரு கருமாதி. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் வருடம் தொடங்கும்போதே இரண்டு நாளைக் குறித்து ஒதுக்கிவையுங்கள். ஒன்று குடும்பத்தோடு போக. இன்னொன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஒரு சாதாரண புதன்கிழமையில், உங்களுக்கே உங்களுக்கு. அன்றைக்கு வீட்டைக் கழுவாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, சுடுதண்ணீரில் குளித்து, வெயில் விழும் இடத்தில் கதிரையைப் போட்டு உட்காருங்கள். மாசம் முழுக்க மழையும் பனியும் பார்க்கும் நமக்குப் பத்து மணி வெயிலை விடப் பெரிய சுகம் என்ன இருக்கிறது?

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வேலை நாளில் இரண்டு தடவை பாலூட்டப் போக நேரம் தர வேண்டும். வேலை இடத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். "கொழுந்து நிறை குறையும்", "கங்காணி ஏதும் சொல்வார்" என்று அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளைக்கு எவ்வளவு தேவையோ அம்மாவுக்கும் அவ்வளவு தேவை.

காலைத் தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிப்பது

அடுப்பில் ஒரு கை, ரொட்டியில் ஒரு கை, பிள்ளையின் சப்பாத்தில் ஒரு கண். தேத்தண்ணி மேசை ஓரத்தில் ஆறிப்போயிருக்கும். அதை மறுபடி சுடவைத்தால் கசப்பும் நிறமும் ஏறும், வாசம் போய்விடும். எல்லாரும் எழும்புவதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து, முதல் கொதியில் ஊற்றிய சாயத்தை இஞ்சித் துண்டோடு குடித்துப் பாருங்கள்.

"பத்து நிமிடத்துக்கு எங்கே போக?" என்று கேட்பீர்கள். மலையில் சமையல் நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலையும் பருப்பும் திறந்த சட்டியில் லேசில் வேகாது, கேஸும் கரையும். கடலை, பயறு வகைகளை இரவே ஊறப்போடுங்கள். குக்கர் இருந்தால் காலையிலும் அதையே பாவியுங்கள். உள்ளே அழுத்தம் ஏறுவதால் குக்கருக்கு உயரம் அவ்வளவாகத் தெரியாது. அதில் மிச்சமாகும் நேரம் உங்களுடையது, அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பயணம் என்ற பெயரில் சமையலறையைக் கிளப்பிக்கொண்டு போவது

இதுதான் பெரிய தவறு, அதிகமாக நடக்கும் தவறும் இதுதான். குடும்பமாக நுவரெலியா போவதாகத் தீர்மானித்தவுடன் அம்மாவின் வேலை இரட்டிப்பாகிறது. முதல் நாள் இரவே புளி கரைத்து வைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி, புளிச்சோறு, முட்டை, வடை, கிழங்குப் பிரட்டல், கட்ட சம்பல் என்று பன்னிரண்டு பேருக்குக் கட்டுவார். தட்டு, கரண்டி, தண்ணீர்ப் போத்தல், பழைய துணி, பாய், எல்லாம் அவர் கையில். வேனில் பாட்டு போட்டு எல்லாரும் ஆடும்போது அவர் மூலையில் சாய்ந்து தூங்குவார். ஹக்கலை பூங்காவில் மற்றவர்கள் ரோசாத் தோட்டம் பார்க்கப் போவார்கள், அவர் பாயை விரித்துச் சோறு பரிமாறுவார். திரும்பும் வழியில் லீக்ஸும் கரட்டும் மலிவாக இருக்கிறது என்று ரோட்டோரக் கடையில் இறங்கி வாரத்துக்கு மரக்கறி வாங்குவதும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். அன்று எடுத்த படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் எதிலும் அம்மா இருக்க மாட்டார்.

ஒரு நேரச் சாப்பாடு மட்டும் கட்டுங்கள். தேங்காய் ரொட்டியும் கட்ட சம்பலும் போதும். கையால் பிய்த்துச் சாப்பிடலாம், தட்டு வேண்டாம், பின்னேரம் வரை கெடாது. மற்ற நேரத்துக்குக் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கினால் குடி முழுகிவிடாது. அந்தக் காசுக்காகத்தான் அம்மா தூக்கத்தை விடுகிறார் என்றால், பயணத்துக்கென்றே ஒரு சீட்டுப் பிடியுங்கள். வேலை இடத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து மாதம் மாதம் போட்டாலே ஒரு நாள் பயணச் செலவு சேர்ந்துவிடும்.

சுமையைப் பிரித்துக் கொடுப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. "யாராவது எடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். சுடுதண்ணிப் பிளாஸ்க்கும் குடைகளும் அப்பாவின் பொறுப்பு. தன் சுவெட்டரும் மாற்றுத் துணியும் பெரியவனின் பையில். பாட்டியின் மருந்து மகளிடம். சின்னவர்கள் ஏதாவது மறந்துவிட்டு வந்து குளிரில் நடுங்கினால், அம்மா தன் சால்வையைக் கழற்றிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த தடவை மறக்க மாட்டார்கள்.

மழை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கிளம்புவது

மலையகத்துக்கு ஒரே காலநிலை என்று நினைக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் கொட்டும். அதே நாட்களில் மலையைத் தாண்டி அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்குப் போனால் வெயில் அடிக்கும், கூடவே காற்றும் பலமாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் விழும். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஹட்டன்காரர்கள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கோ தெமோதரைப் பாலத்துக்கோ போகலாம். பதுளைக்காரர்களுக்கு நுவரெலியா பார்க்க நல்ல நேரம் பெப்ரவரி, மார்ச். தீபாவளி ஒக்டோபர், நவம்பரில் வருகிறது. அப்போது பின்னேரமானால் எங்கும் இடி மழைதான், ஆகவே காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளும் பயணமாக இருக்கட்டும்.

ஏப்ரலில் நுவரெலியா வேண்டாம் என்பது என் கருத்து. வசந்த காலம் என்று நாடே அங்கே வந்து நிற்கும். அறை வாடகை ஏறும், வாகனம் நகராது, பிள்ளைகள் நெரிசலில் அழுவார்கள். சித்திரை வருசத்துக்கு வீட்டில் இருங்கள். ஹோட்டன் சமவெளிக்குப் போனால் விடியலிலேயே வாசலில் நில்லுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அங்குள்ள உலக முடிவு என்ற மலை விளிம்பை மூடுபனி மறைத்துவிடும், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அங்கே 850 மீற்றருக்கும் மேலான செங்குத்துப் பள்ளம் இருக்கிறது, சின்னப் பிள்ளையின் கையை விடவே கூடாது. சுற்றி வர ஒன்பது கிலோமீற்றர் நடக்க வேண்டும். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், ஆகவே ரொட்டியை வாழை இலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். சிவனொளிபாதமலைக்குப் பருவகாலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். போயாவோடு சேர்ந்த வார இறுதியில் பிள்ளைகளோடு நல்லதண்ணிப் படியில் ஏறினால் மணிக்கணக்கில் நெரிசலில் நிற்க வேண்டிவரும். நடுவாரத்தில் போவது நல்லது.

இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதை யாரும் மறக்க முடியாது. உயிர்களையும் வீடுகளையும் இழந்தோம், வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. நீங்கள் போகும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, கடந்து போகும் பிரிவுகளுக்கும் பாருங்கள். மஞ்சளாக இருந்தாலே இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வேனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று என்பதற்காகக் கிளம்ப வேண்டாம்.

தூரமாகப் போனால்தான் பயணம் என்று நினைப்பது

பிள்ளைகளுக்கு எல்ல வரை போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரயில் ஓடும் நாளில் கொட்டகலையில் ஏறி ஹட்டனில் இறங்குங்கள். நடுவில் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம். ரயில் உள்ளே நுழைந்ததும் பெட்டி இருண்டுவிடும், டீசல் புகை மூக்கில் ஏறும், எல்லாப் பெட்டியிலிருந்தும் "ஓ" என்று கூச்சல் கிளம்பும். நீங்களும் கத்துங்கள். உங்கள் பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும் பார்வையை அப்போது பாருங்கள்! ஹட்டனில் இறங்கி மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுடச்சுட வடையும் பிளேன்டீயும் குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பினால், மதியத்துக்கு முன்பே வீட்டில் இருக்கலாம். தலவாக்கலைப் பக்கத்து ஆட்களுக்கு டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகள் ரோட்டிலிருந்தே தெரியும். நாளும் பஸ்ஸில் கடந்து போகும் அந்த இடத்தில் ஒரு தடவை இறங்கி நின்று பாருங்கள்.

நீண்ட ரயில் பயணம்தான் வேண்டும் என்றால் முன்பதிவு ஒரு மாதம் முன்பே திறக்கிறது, சீக்கிரம் தீர்ந்தும் விடுகிறது. நானுஓயாவிலிருந்து அப்புத்தளை வரை போனால் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொல வழியில் வரும், சுமார் 1,898 மீற்றர். பிள்ளைக்குப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள்.

வேலையை மனதில் தூக்கிக்கொண்டே போவது

லீவு நாளில் அலுவலக வாட்ஸ்அப் குழுவை மௌனமாக்கிவிடுங்கள். அவசரம் என்றால் அழைப்பார்கள். "பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேனே" என்ற குறுகுறுப்பில், பயணத்தில் அவர்கள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். கிரகரி வாவிக் கரையில் ஒரு அவித்த சோளத்தைப் பிள்ளையோடு பாதிப்பாதியாகக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம் என்று கேட்டால் அது வாய் ஓயாமல் சொல்லும். வீட்டில் சொல்லாத கதையெல்லாம் அங்கே வரும். வேலைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த வேனுக்கு உங்கள் சம்பளமும்தான் காசு கொடுத்திருக்கிறது.

திரும்பும் நாள் ஞாயிறு என்றால் மதியச் சாப்பாட்டோடு கிளம்புங்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதி செங்குத்தான இறக்கம், பனியிலும் இருட்டிலும் அந்தப் பக்கம் வேண்டாம், பிரதான வீதியிலேயே வரச் சொல்லுங்கள். விடியலிலிருந்து வேன் ஓட்டிய சாரதிக்கு நடுவில் ஒரு தேத்தண்ணியும் அரை மணித்தியால ஓய்வும் கொடுங்கள். இரவுக்குப் பாணும் பருப்பும் போதும், அதை அப்பா வைக்கட்டும். அழுக்குத் துணியை வாளியில் போட்டு மூடிவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். திங்கட்கிழமை வேலை இருக்கிறது.