சின்ன பிரவுசர் கேமுக்கு ஃபீட்பேக் வாங்குவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் கற்றுக்கொண்டு, கேன்வாஸில் ஒரு படகையும் ஓடவிட்டாயிற்று. அடுத்து நாலு பேரிடம் கொடுத்து ஆடவிட வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் கீழக்கரையானாலும் தொண்டியானாலும் "சூப்பர் மச்சான்" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒரு வரி கோடிங்கைக்கூடத் திருத்த முடியாது.

விளக்கத்துக்கு ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்படகு ஒன்று பாம்பன் பாலத்துக்கு அடியில் போகிறது. திரையைத் தொட்டு இடம், வலம் திருப்ப வேண்டும். காற்று படகை லேசாக ஒரு பக்கம் தள்ளும். வழியில் போட்டிருக்கும் நண்டு வலைகளைத் தூக்கினால் பாயிண்ட். பாரில், அதாவது கடலில் இருக்கும் பாறையில், மோதினால் ஆட்டம் முடிந்தது.

படி 1: ஆள் பிடிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் சும்மா நிற்கும். வலை சரிசெய்யும் இடத்தில் நின்று பேச ஆள் கிடைக்கும். மற்ற மாதங்களில், படகு கரை சேர்ந்து ஏலம் நடக்கும்போது போய் போனை நீட்டாதீர்கள். திட்டு விழும்.

ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும். இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன், அவற்றைச் சோதிப்பது பற்றி 2000-லேயே இதைச் சொல்லிவிட்டார்: பெரிய குறைகள் முதல் சில பேரிடமே தெரிந்துவிடும், மிச்ச ஆட்களைத் திருத்திய பிறகு வரும் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. கேம் செய்யத் தெரிந்த நண்பரைக் கடைசியில் கூப்பிடுங்கள். அவர் உங்கள் கேமை விட்டுவிட்டுத் தன் கேமைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

படி 2: வாயை மூடிக்கொள்வது

லிங்க்கை அனுப்பி, அவரவர் போனிலேயே ஆடச் சொல்லுங்கள். "இதைத் தொடுங்கண்ணே, அப்புறம் அதை" என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. நாளைக்கு லிங்க்கைத் திறக்கப்போகும் யாரோ ஒருவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை.

பார்க்க வேண்டியது அவர் கட்டைவிரலை. படகு திரையின் கீழே இருந்தால், திருப்பத் தொடும் விரலே படகை மறைத்துவிடும். பாதிப் பேர் போனைச் சாய்த்து, விரலுக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் "விரல் மறைக்குது" என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார், "கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்பதோடு சரி. படகை இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றிவைத்தால் அந்தக் கஷ்டம் போய்விடும்.

தோற்ற பிறகு விரல் தானாக 'மறுபடி' பட்டனுக்குப் போகிறதா, அல்லது போன் பைக்குள் போகிறதா என்றும் கவனியுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்கவே வேண்டாம். கேட்பதானால் ஒரே கேள்வி: "இப்ப ஏன் தோத்தீங்கன்னு நினைக்கிறீங்க?"

படி 3: குறிப்பு எடுப்பது

நோட்டில் அவர் செய்ததைத் தனியாக, சொன்னதைத் தனியாக எழுதுங்கள். போன் மாடல், எந்த பிரவுசர், வெயிலா நிழலா என்பதையும் சேர்த்து. இது எதற்கு என்று அடுத்த படியில் புரியும்.

படி 4: புகாருக்குப் பின்னால் இருப்பதைத் தேடுவது

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். ஆடியவர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒருவர் "ரொம்ப வேகம்" என்கிறார், இன்னொருவர் "ஆமை மாதிரி போகுது" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தை வைத்துவிடத் தோன்றும். வேண்டாம், நோட்டில் போன் மாடலைப் பாருங்கள். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு, 3 பிக்சல் என்று படகை நகர்த்தியிருந்தால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 180 பிக்சல் போகும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 360. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நொடிக்கு 180 என்று வைத்து, போன ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள். எல்லா போனிலும் ஒரே வேகம் வரும்.

அதைச் செய்ததும் புதுப் புகார் ஒன்று வரும்: "போன் கால் பேசிட்டு வந்தா படகு பார்ல கிடக்கு." டேப் மறைந்திருக்கும்போது பிரவுசர் ஃப்ரேம்களை நிறுத்திவிடும். திரும்பி வந்ததும், கடந்த நேரம் மொத்தத்தையும் கேம் ஒரே ஃப்ரேமில் கணக்குப் போட்டுப் படகைத் தூக்கி எறியும். டேப் மறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவையுங்கள். கடந்த நேரத்துக்கும் 0.1 நொடி என்று ஓர் உச்சவரம்பு போடுங்கள்.

"நான் மோதவே இல்ல, செத்துட்டேன்" என்றால் பெரும்பாலும் படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம்தான் மோதியிருக்கும். படகு படத்தின் நாலு மூலையும் காலி, ஆனால் கோடிங் முழுச் செவ்வகத்தையும் படகு என்றே நினைக்கிறது. மோதலைப் பார்க்கும் செவ்வகத்தைப் படகின் உடல் அளவுக்குச் சுருக்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கினாலும் தப்பில்லை, மயிரிழையில் தப்பியதாக ஆடுபவர் சந்தோஷப்படுவார்.

"சத்தமே வரல" என்பது சுலபம். ஆடுபவர் ஒருமுறை தொடும்வரை பிரவுசர் ஒலியை அனுமதிக்காது. 'தொடங்கு' பட்டனைத் தொடும் அந்த நொடியில் ஒலியைத் துவக்குங்கள். "திடீர்னு பாறை வந்துடுது" என்றவர் மத்தியான வெயிலில் ஆடியிருந்தால், நீலக் கடலில் சாம்பல் நிறப் பார் அவர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நிறத்தை மாற்றுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். "என் ஸ்கோர் காணோம்" என்றால் இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே லிங்க்கைத் திறந்தாரா என்று கேளுங்கள். அங்கே சேமித்தது குரோமில் இருக்காது.

இந்தக் கரையில் மட்டும் கிடைக்கும் ஃபீட்பேக்கும் உண்டு. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஆடமாட்டார், எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, காத்து எந்தப் பக்கம்னே காட்டலையே, கச்சானா வாடையா?" என்பார். மேற்குக் காற்றா, வடக்குக் காற்றா என்று கேட்கிறார். பையன்கள் "படகு தானா இழுக்குது" என்று புலம்புவதும் இதே விஷயம்தான். காற்றைக் குறைக்கத் தேவையில்லை. படகின் முனையில், காற்று தள்ளும் பக்கம் பறக்கும் சின்னக் கொடி ஒன்று போதும். இழுப்பது காற்று என்று தெரிந்துவிட்டால் அதை எதிர்த்துத் திருப்புவதே ஒரு விளையாட்டு.

படி 5: ஐடியாக்களை என்ன செய்வது

துப்பாக்கி வைங்க, நாலு பேர் சேர்ந்து ஆடுற மாதிரி பண்ணுங்க என்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். ராமேஸ்வரம் பக்கத்துப் பையன்கள் "நேவி துரத்துற மாதிரி வைங்கண்ணே" என்றும் கேட்பார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர் வீட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும் ஊரில், நான் அதை வேடிக்கையாக்க மாட்டேன். ஆனால் அவன் கேட்பது என்ன என்று யோசித்தால், முதல் நிமிஷத்துக்கு அப்புறம் கேமில் பரபரப்பு இல்லை என்று சொல்கிறான். பொழுது சாய்வதற்குள் கரை சேர வேண்டும் என்று வைத்து, வானத்தை மெல்ல இருட்டிக்கொண்டு வாருங்கள். துரத்த ஆள் தேவைப்படாது.

படி 6: மறுபடி கொடுப்பது

ஒரு சுற்றில் ஒன்றிரண்டு மாற்றம் போதும். அதிகம் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. பழைய ஆட்களுக்கு வழி பழகியிருக்கும், புது ஆட்களிடம் கொடுங்கள். திரையின் மூலையில் பதிப்பு எண்ணைச் சின்னதாகப் போட்டு, ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரிலும் அதே எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் சேமித்துவைத்த பழைய கோப்பையே திறந்து, நேற்றே திருத்தியதற்கு இன்றைக்கும் புகார் வரும். மூலையில் புது எண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஆடச் சொல்லுங்கள்.