ஜூனியராகச் சேர்ந்ததும் தேதிப் பட்டியல் எழுதப் பழகுங்கள்

என்னிடம் ஜூனியர் வக்கீலாகச் சேர வருகிறவர்கள் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசைத்தான் முதலில் சொல்கிறார்கள். கணீரென்ற குரல் இருந்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு சிவில் வழக்கு, பிராது தாக்கலாவதிலிருந்து வாதம் வரைக்கும், பெரும்பாலும் காகிதத்தில்தான் நடக்கிறது. வழக்குக் கட்டை ஒழுங்காகப் படிக்கவும் கட்சிக்காரர் சொல்வதைக் கேட்கவும் தெரியாதவருக்குப் பேச்சு உதவாது. இந்த இரண்டும் படிய நான் கொடுக்கும் முதல் வேலை, தேதிப் பட்டியல்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ சட்டம் படித்து, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். குறிப்புரை இல்லாத சட்டப் பிரதிகளை அந்தத் தேர்வு அறைக்குள் கொண்டுபோகலாம். அதனால் மனப்பாடத்தைவிட, எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று சட்டென்று புரட்டத் தெரிவதே அங்கே கைகொடுக்கும்.

பட்டியலுக்கு வருவோம். கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்தவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னை ஏமாத்திட்டான் மேடம்" என்று நடுவிலிருந்து ஆரம்பிப்பார். மாமனார் வருவார், பங்காளித் தகராறு வரும், எப்போதோ நடந்த கல்யாணம் வரும். குறுக்கே பேசாதீர்கள். முழுவதும் சொல்லி முடிக்கட்டும். அதன் பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, அதற்கான ஆவணம், அதைக் கோர்ட்டில் சொல்லக்கூடிய ஆள். மூன்றாவது கட்டமும் நான்காவது கட்டமும் காலியாக இருக்கும் வரிகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்த முறை அவரிடம் கேட்க வேண்டியது அந்த வட்டங்களைத்தான்.

அவருடைய ஒப்பந்தம் 10.3.2022, கிரயத்தை முடிக்க ஆறு மாதக் கெடு என்று வைத்துக்கொள்வோம். நம் கட்சிக்காரர் நோட்டீஸ் அனுப்பியது 2024 நவம்பரில். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 54ஆவது இனப்படி, கெடு குறித்த நாளிலிருந்து மூன்று வருடம் உண்டு. ஆக, கிரயம் செய்து தரச் சொல்லி 2025 செப்டம்பர் வரை வழக்குப் போட நேரம் இருக்கிறது என்று ஜூனியர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். பட்டியலை மறுபடி பாருங்கள். கெடு முடிந்ததற்கும் நோட்டீஸுக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு வரிகூட இல்லை. குறித்த பரிகாரச் சட்டம் பிரிவு 16(சி)யின்படி, வாங்குபவர் கிரயத்தை முடிக்க எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கை வைக்கப்போவது அந்த வெற்றிடத்தில்தான்.

அப்போது பாஸ்புக்கைக் கேட்டு வாங்குங்கள். 2022 ஆகஸ்டில் நகைக்கடன் வாங்கிய வரவு ஒன்று இருக்கிறது. நமக்குச் சாதகமா, பாதகமா? அடுத்த வரிகளைப் படித்தால்தான் தெரியும். அந்தப் பணம் செப்டம்பர் வரை கணக்கிலேயே கிடந்தால், கிரயத்துக்காகத் திரட்டினார் என்று வாதாட நமக்கு இடம் உண்டு. அதே வாரம் ஆஸ்பத்திரிக்கோ காலேஜுக்கோ போயிருந்தால் எதிர்த்தரப்புக்கு விருந்து. ஒரு பதிவைப் பார்த்ததும் துள்ளாமல் கீழே உள்ள இரண்டு வரியையும் படிக்கிற பொறுமை இந்தத் தொழிலில் பெரிய சொத்து.

தேதி பிசகினால் பொருந்தும் சட்டமே மாறிவிடும். 1.7.2024இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் நடந்த அடிதடிக்கு இன்றைக்கும் இந்திய தண்டனைச் சட்டம்தான். பிரிவு எண்கள் இரண்டு சட்டத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அதேபோல 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கில் கழிக்கச் சொல்லி, கொரோனாவை ஒட்டி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பழைய கடன் வழக்கில் இதைக் கவனிக்காமல் "நாள் போய்விட்டது" என்று கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பினால் பாவம் உங்களைச் சேரும்.

பலவீனத்தைக் கண்டதும் கட்சிக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "ஜெயிச்சுடலாம், கவலைப்படாதீங்க" என்பது சுலபம். அவர் நம்மிடம் மனம்விட்டுச் சொல்வதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 132 சொல்கிறது. அதை அவருக்கும் விளக்குங்கள். பயம் போனால்தான் நகைக்கடன் எதற்கு என்ற உண்மை வெளியே வரும்.

குறுக்கு விசாரணையும் இந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கும். எதிர்த்தரப்பில் நின்று யோசியுங்கள். "பணம் தயாராக இருந்ததா?" என்று பொதுவாகக் கேட்டால் சாட்சி "இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார். "9.9.2022 அன்று உங்கள் கணக்கில் எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள். பாஸ்புக்கைக் காட்டுங்கள், பதில் பதிவானதும் அடுத்த தேதிக்குப் போங்கள். "அப்படியானால் ஏன் கிரயம் முடிக்கவில்லை?" என்று கேட்டு, அவர் ஒரு கதை சொல்ல மேடை போட்டுக் கொடுக்காதீர்கள்.

மொழியையும் சும்மா விடக் கூடாது. கீழ்க் கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகும், மேல்முறையீடு ஹைகோர்ட்டுக்குப் போனால் வாதம் ஆங்கிலத்தில். இரண்டிலும் குழப்பமில்லாத வாக்கியம் எழுத வர வேண்டும். பிராதில் சொத்து விவரம் எழுதும்போது சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் தாய்ப்பத்திரத்தோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். கிழக்கு மேற்காகிப் போனால் டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, கிடைத்தும் அதை நிறைவேற்றும்போது இழுபறிதான்.

கூச்சமுள்ளவர்கள் வாய்தா கேட்பதில் தொடங்கலாம். எழுந்து நின்று, வழக்கு எண்ணைச் சொல்லி, காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி, நிறுத்துங்கள். நீதிபதி ஏதாவது கேட்டால், தெரிந்தால் பக்க எண்ணோடு பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அன்று மாலைக்குள் பார்த்துவிடுங்கள், அடுத்த வாய்தாவில் அவர் அதையேதான் கேட்பார்.